ஈரானிய மளிகைக் கடை: நம் சமையலறைக்காரர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

டொராண்டோவில் ஃபிஞ்ச் தாண்டி யங் தெருவோடு வடக்கே ரிச்மண்ட் ஹில் வரை போனாலும், லாஸ் ஏஞ்சல்ஸில் வெஸ்ட்வுட் பக்கம் போனாலும், லண்டனில் ஃபிஞ்ச்லி பக்கம் போனாலும் ஈரானிய மளிகைக் கடைகள் கண்ணில் படும். உள்ளே இருக்கும் அரிசி, பருப்பு, பேரீச்சை, பிஸ்தா எல்லாம் நமக்குத் தெரிந்த சரக்கு. மற்றதெல்லாம் கையில் எடுத்து, திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, எடுத்த இடத்திலேயே வைத்துவிடுகிற ரகம். இந்தப் பக்கம் அந்த மற்றதைப் பற்றியது.

முதல் தடவை போகிறேன். எதை வாங்குவது?

ஐந்து பொருள் போதும்: காய்ந்த எலுமிச்சை 100 கிராம், ஜெரெஷ்க் என்கிற சிவப்புப் புளிப்புப் பழம் 100 கிராம், மாதுளைப் பாகு ஒரு சிறிய புட்டி, குங்குமப்பூ 1 கிராம், கோர்மெ சப்ஜி என்ற கீரைக் குழம்புக்கான காய்ந்த கீரைக் கலவை ஒரு பாக்கெட்.

இந்த ஐந்தில் மூன்று புளிப்புப் பொருள். அது தற்செயல் அல்ல. நம் வீட்டில் புளிப்பு என்றால் பெரும்பாலும் புளிதான். போனால் தக்காளி, தயிர், மாங்காய். ஈரானியர்கள் அந்த ஒரே வேலையை ஏழெட்டுப் பொருளுக்குப் பிரித்துக் கொடுத்திருக்கிறார்கள். எந்தக் குழம்புக்கு எந்தப் புளிப்பு என்பது பிடிபட்டுவிட்டால் அந்தக் கடையில் பாதி புரிந்துவிடும். காரம் மட்டும் எதிர்பார்க்காதீர்கள். தெற்குக் கடலோரச் சமையலைத் தவிர்த்தால் மிளகாய்க்கு அங்கே வேலை மிகக் குறைவு. அத்வியே என்று விற்கும் மசாலாப் பொடியில்கூட பட்டை, ஏலம், சீரகம், காய்ந்த ரோஜா இதழ்தான் இருக்கும். கரம் மசாலாவுக்குப் பதிலாக அதைப் போட்டால் குழம்பில் அத்தர் வாசம் அடிக்கும்.

பன்னீர் கேட்டால் பாலாடைக்கட்டியைத் தருகிறார்களே?

பாரசீகத்தில் பனீர் என்றால் பாலாடைக்கட்டி. அதுவும் பொரிக்கிற வட இந்தியப் பனீர் அல்ல, உப்புநீரில் ஊறிய வெண்கட்டி. நாம் கல்யாண வீட்டில் தெளிக்கும் பன்னீர் வேண்டுமென்றால் கோலாப் என்று கேளுங்கள். கோல் என்றால் மலர், ஆப் என்றால் நீர். காஷான் பக்கத்திலுள்ள கம்சர் ஊர் இதற்குப் பேர் போனது. சமையலுக்கு வாங்கும்போது லேபிளில் ரோஜா, தண்ணீர் தவிர வேறு எதுவும் இல்லையா என்று பாருங்கள்.

இப்படி ஏமாற்றும் சொற்கள் இன்னும் உண்டு. இந்திக்காரர்களுக்கு ஆலு உருளைக்கிழங்கு. இங்கே அது ப்ளம் பழம். சப்ஜி என்றால் காய்கறி அல்ல, கீரையும் தழையும். நான் என்றால் எல்லா ரொட்டியும். அதில் சூடான கூழாங்கல் மேல் சுடுகிற சங்கக் ரொட்டியை வாங்கினால், அடியில் கல் ஏதும் ஒட்டியிருக்கிறதா என்று தட்டிப் பார்த்துவிட்டுச் சாப்பிடுங்கள். பாதாம், பிஸ்தா, கிஸ்மிஸ் மூன்றும் பாரசீகத்திலிருந்து வந்த சொற்களே; கேட்டால் புரிந்துகொள்வார்கள்.

பாக்கெட்டில் காலாவதித் தேதி 1405 என்று போட்டிருக்கிறது. இது எந்தக் கணக்கு?

ஈரானின் சூரிய ஆண்டுக் கணக்கு. ஆண்டு மார்ச் 20 அல்லது 21இல், நௌரூஸ் பண்டிகையோடு பிறக்கும். முதல் ஒன்பது மாதத்துக்கு 621ஐக் கூட்டுங்கள்; பதினொன்று, பன்னிரண்டாம் மாதத்துக்கு 622. பத்தாம் மாதம் டிசம்பர் கடைசியில் தொடங்கி ஜனவரிக்குள் போகும். ஆக 1405/02/15 என்றால் 2026 மே முதல் வாரம். 1405/11 என்றால் 2027 ஜனவரி-பிப்ரவரி.

எண்கள் பாரசீக எழுத்தில் மட்டும் இருந்தால்: புள்ளி வைத்திருப்பது 0, நேர்க்கோடு 1, தலைகீழான இதய வடிவம் 5, ஆங்கில வி எழுத்துப் போல இருப்பது 7, அதையே கவிழ்த்தால் 8. எண்ணை நம்மைப் போலவே இடமிருந்து வலமாகத்தான் வாசிக்க வேண்டும். பாக்கெட்டில் இரண்டு தேதி இருந்தால் முந்தையது தயாரித்த நாள். அதைக் காலாவதி என்று நினைத்து நல்ல பொருளைத் தூக்கிப் போடுபவர்கள் நிறைய.

காய்ந்த எலுமிச்சையை எப்படிப் பயன்படுத்துவது? குழம்பு கசந்துவிட்டது.

லிமு அமானி என்பார்கள். ஓமான் எலுமிச்சை என்று பொருள். சின்ன எலுமிச்சையை உப்புநீரில் கொதிக்கவிட்டு, உள்ளே கருத்துப்போகும்வரை வெயிலில் காயவைத்தது. நம் உப்பு நார்த்தங்காய்க்குத் தூரத்துச் சொந்தம் என்று சொல்லலாம், ஆனால் இதில் உப்பு தெரியாது. புளிப்பும், லேசான புகைவாசமும், ஓரத்தில் ஒரு கசப்பும் இருக்கும்.

நல்ல காய் கையில் எடுத்தால் காற்றுப் போல லேசாக இருக்கும். ஓட்டை, உள்ளிருந்து கொட்டும் பொடி இரண்டும் பூச்சிக்கு அடையாளம். வெளிர் நிறக் காய் சாந்தமானது. கறுப்புக் காய் வாசம் கூடியது, ஆனால் குழம்பின் நிறத்தையும் கருக்கும். முதல் தடவைக்கு வெளிர் நிறமே நல்லது.

நான்கு பேர் குழம்புக்கு மூன்று அல்லது நான்கு காய். கத்தி முனையால் ஒவ்வொன்றிலும் இரண்டு மூன்று இடத்தில் குத்தி, வெந்நீரில் 15 நிமிடம் ஊறவிட்டு, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிடுங்கள். கசப்பில் ஒரு பகுதி அதோடு போய்விடும். குழம்பு இறங்க 45 நிமிடம் முதல் ஒரு மணி நேரம் இருக்கும்போது காயைப் போடுங்கள். அது மிதக்கும், அவ்வப்போது கரண்டியால் அமுக்கி விடுங்கள். கடைசியில் சட்டி ஓரத்தில் வைத்து லேசாக அழுத்தினால் உள்ளிருக்கும் சாறு இறங்கும்.

கசப்புக்கு முக்கியக் காரணம் விதை. காயை உடைத்துப் போடுவதானால் விதையை ஒன்று விடாமல் எடுத்துவிட வேண்டும். இரண்டாவது காரணம், ஆரம்பத்திலேயே போட்டு மூன்று மணி நேரம் கொதிக்க விடுவது. மூன்றாவது, கடையில் விற்கும் எலுமிச்சைப் பொடி: விதையோடு அரைத்ததாக இருக்கலாம், அரைத்ததும் வாசம் வேகமாகப் போய்விடும். முழுக் காயாக வாங்கி, விதை நீக்கி, தேவைப்படும்போது மிக்சியில் அரைப்பதே மேல். கசந்துவிட்ட குழம்பில் காயை எடுத்துவிட்டு அரைத் தேக்கரண்டி சர்க்கரை சேர்த்தால் ஓரளவு தேறும். முழுதாகத் தேறாது.

எல்லாவற்றையும் குக்கரில் போட்டு நாலு விசில் விடலாமா?

இறைச்சியையும் பீன்ஸையும் விடலாம். கீரையும் காய்ந்த எலுமிச்சையும் சேர்ந்த பிறகு மூடி போடாதீர்கள். அழுத்தத்தில் எலுமிச்சையின் கசப்பு முழுவதும் இறங்கிவிடும், கீரை கூழாகிவிடும். சிவப்புக் காராமணியையோ ராஜ்மாவையோ ஊறவைத்து நேராக ஸ்லோ குக்கரில் போடுவது இன்னொரு தவறு. ராஜ்மாவில் உள்ள நச்சுப்பொருள் குறைந்த சூட்டில் அழியாது. முதலில் தண்ணீரில் நன்றாகக் கொதிக்க வேண்டும், அல்லது குக்கரில் வேக வேண்டும்.

கோர்மெ சப்ஜி செய்தால் வைக்கோல் வாசம் வருகிறது. ஏன்?

கீரையை வதக்காமல் போட்டிருப்பீர்கள். இந்தக் குழம்பின் சுவையே கீரையை எண்ணெயில் வதக்குவதில்தான் இருக்கிறது.

கலவையில் இருப்பது பார்ஸ்லி, தாரே என்கிற பூண்டுத்தாள் போன்ற தழை, கொத்தமல்லி, வெந்தயக் கீரை. வெந்தயக் கீரைக்கு அவர்கள் ஷம்பலீலே என்பார்கள். அந்த வாசம்தான் தெருமுனை வரை வரும்.

நான்கைந்து பேருக்கு அளவு: ஆட்டிறைச்சி அரைக் கிலோ, பெரிய வெங்காயம் ஒன்று, மஞ்சள் ஒரு தேக்கரண்டி, ஊறவைத்து வேகவைத்த ராஜ்மா ஒன்றரைக் கப், காய்ந்த கீரை 70 கிராம், காய்ந்த எலுமிச்சை நான்கு. காய்ந்த கீரையை வெதுவெதுப்பான நீரில் 15 நிமிடம் ஊறவைத்துப் பிழியுங்கள். ஐந்து மேசைக்கரண்டி எண்ணெயில், சிறு தீயில், நான்கு நிமிடம் கிண்டிக்கொண்டே வதக்குங்கள். பச்சைக் கீரை என்றால் முக்கால் கிலோ வேண்டும். கழுவி, ஈரம் முழுக்கப் போனபின் பொடியாக நறுக்கி 15 நிமிடம் வதக்க வேண்டும். கரும்பச்சையாகி வாசம் மாறும் இடம்தான் பதம். காய்ந்த கீரை அந்த இடத்தைத் தாண்டிக் கருக அரை நிமிடம் போதும். கருகினால் கொட்டிவிட்டு மறுபடி தொடங்குங்கள். குழம்பில் போட்டுச் சரிசெய்ய வழியில்லை.

வெங்காயம், இறைச்சி, மஞ்சள் வதக்கி, தண்ணீர் விட்டு ஒரு மணி நேரம் வேகவிட்டு, கீரையும் பீன்ஸும் சேர்த்து இன்னும் ஒன்றரை மணி நேரம். எலுமிச்சை கடைசி ஒரு மணி நேரத்துக்கு. எண்ணெய் பிரிந்து மேலே நின்றால் இறக்கலாம். நம் ஊர்ப் பக்குவத்தில் பச்சையாக இருக்க வேண்டும் என்று நினைக்காதீர்கள், இது கறுப்புக்கு அருகில் போகும் பச்சைதான்.

கலவைப் பாக்கெட்டில் வெந்தயக் கீரை ஏற்கெனவே இருக்கிறது. கஸ்தூரி மேத்தியை வேறு கைநிறைய அள்ளிப் போடுவதுதான் நம்மவர் வழக்கமாகச் செய்யும் பிழை. கசப்பு அங்கிருந்தும் வரும்.

ஜெரெஷ்க் என்பது என்ன? கிரான்பெரி போட்டால் ஆகாதா?

பார்பெரி என்று லேபிளில் இருக்கும். தெற்கு கொராசான் மாகாணத்தில், பீர்ஜந்த், காயென் பக்கம் பெருமளவில் விளைகிறது. விதையில்லாத, மிளகளவே உள்ள சிவப்புப் பழம். கிரான்பெரியைச் சர்க்கரையில் ஊறவைத்து விற்கிறார்கள். அதில் இந்தச் சுரீர்ப் புளிப்பு கிடைக்காது.

நிறம் பளிச்சென்ற சிவப்பாக இருக்க வேண்டும். பழுப்பாகக் கறுத்தது பழைய சரக்கு. வீட்டுக்குக் கொண்டுவந்ததும் ஃப்ரீசரில் போடுங்கள், நிறம் நிற்கும். சமைக்குமுன் தட்டில் பரப்பிக் காம்பு, கல் பொறுக்கி, குளிர்ந்த நீரில் 10 நிமிடம் ஊறவைத்து வடியுங்கள். மண் அடியில் தங்கும்படி கையால் அள்ளி எடுப்பது நல்லது. அரைக் கப் ஜெரெஷ்க்குக்கு ஒரு மேசைக்கரண்டி வெண்ணெய், ஒரு மேசைக்கரண்டி சர்க்கரை, சிறு தீ. ஒன்று, ஒன்றரை நிமிடத்தில் பழம் உப்பிப் பளபளக்கும். உடனே இறக்கி ஒரு கரண்டி குங்குமப்பூ நீர் விடுங்கள். போன் வந்தது என்று திரும்பினால் கரிதான் மிஞ்சும். சோற்றோடு சேர்த்து வேகவிடாமல், பரிமாறும்போது மேலே தூவுங்கள்.

எலுமிச்சைச் சாதத்தில் வேர்க்கடலைக்குப் பதிலாகக்கூட ஒரு கைப்பிடி போட்டுப் பார்க்கலாம். ஈரானியர் முறைப்பார்கள், ஆனால் நன்றாக இருக்கும்.

மாதுளைப் பாகுக்குப் பதில் புளிக்கரைசல் போதுமா?

ஃபெசென்ஜான் என்ற வால்நட்-மாதுளைக் குழம்புக்குப் போதாது. மாதுளைச் சாற்றைச் சுண்டக் காய்ச்சியதுதான் ரொப்பே அனார். அதன் துவர்ப்பு புளியில் இல்லை. வாங்கும்போது பொருள் பட்டியலைப் பாருங்கள். மாதுளை மட்டும் இருந்தால் நல்லது. சர்க்கரையோ குளுக்கோஸ் பாகோ முதலில் இருந்தால் அது வெறும் நிறமேறிய இனிப்பு. புளிப்பு, புளிப்பினிப்பு என இரு வகை உண்டு. புளிப்பு வகையை வாங்கிவிட்டால் இனிப்பை நாமே கூட்டிக்கொள்ளலாம்.

ஃபெசென்ஜானுக்கு வால்நட் 300 கிராம் அரைத்து, வெறும் சட்டியில் வாசம் வரும்வரை வறுத்து, மூன்று கப் தண்ணீரில் சிறு தீயில் ஒரு மணி நேரம் கொதிக்க விடுங்கள். வால்நட் அடிப்பிடிக்கும், பத்து நிமிடத்துக்கு ஒருமுறை அடியோடு கிண்டவும். இடையில் ஓரிரண்டு பனிக்கட்டியைப் போடுவார்கள், சூடும் குளிரும் மோதி எண்ணெய் பிரியும் என்பது கணக்கு. வதக்கிய வெங்காயமும் ஒரு கிலோ கோழியும் சேர்த்து, முக்கால் கப் மாதுளைப் பாகு விட்டு இன்னும் ஒரு மணி நேரம். தொடக்கத்தில் குழம்பு சாம்பல் நிறத்தில் பார்க்கச் சகிக்காது. பயப்பட வேண்டாம், போகப் போகக் கரும்பழுப்பாகி எண்ணெய் மிதக்கும். கடைசியில் ருசி பார்த்து ஒன்றிலிருந்து மூன்று மேசைக்கரண்டி சர்க்கரை. முழுக்கவும் கசக்கிறதென்றால் குற்றம் பாகில் இல்லை, வால்நட்டில்: எண்ணெய்ச் சிக்கு பிடித்தது. அரைக்குமுன் ஒன்றை வாயில் போட்டுப் பாருங்கள்.

அப்படியானால் நம் புளிக்கு அங்கே இடமே இல்லையா?

உண்டு, அதுவும் மீன் குழம்பிலேயே. புஷேர், ஹொர்மொஸ்கான், கூசெஸ்தான் போன்ற தெற்கு மாகாணங்களில் கல்யே மாஹி என்றொரு குழம்பு. கொத்தமல்லித் தழை நிறைய, வெந்தயக் கீரை கொஞ்சம், பூண்டு, மிளகாய், மஞ்சள், புளி. புளிக்கு அவர்கள் சொல் தம்ரே ஹெந்தி, அதாவது இந்தியப் பேரீச்சை. அரைக் கிலோ தழையைப் பொடியாக நறுக்கி, ஆறு பல் பூண்டோடு கரும்பச்சையாகும்வரை வதக்கி, எலுமிச்சையளவு புளியைக் கரைத்து விட்டு 40 நிமிடம் கொதித்தபின் மீனைப் போட்டு, கிண்டாமல் 15 நிமிடத்தில் இறக்கலாம். வஞ்சிரம் போலக் கெட்டியான மீன் சரி. நம் வீட்டில் ஈரானியச் சமையலைத் தொடங்க இதைவிட எளிதான வாசல் இல்லை. வாங்க வேண்டிய புதுப் பொருளும் ஒன்றுமில்லை.

குங்குமப்பூவில் எது நல்லது? போலியை எப்படிக் கண்டுபிடிப்பது?

சர்கோல் என்பது சிவப்பு நுனி மட்டும். நெகீன் தடித்த, சீரான, முழுச் சிவப்பு இழை. பூஷால் சிவப்போடு கொஞ்சம் மஞ்சள் சேர்ந்தது. தஸ்தே என்றால் முழு இழையையும் கட்டாகக் கட்டியது. எடையில் மஞ்சள் காம்பும் சேரும். விலை ஒப்பிடும்போது இதைப் பாருங்கள். சில பாக்கெட்டுகளில் 4.6 கிராம் என்ற விசித்திரமான எடை இருக்கும். அது மெஸ்கால் என்கிற பழைய அளவை.

குளிர்ந்த நீரில் இரண்டு இழை போடுங்கள். அசல் மெதுவாக மஞ்சள் விடும், இழை சிவப்பாகவே நிற்கும். உடனே சிவப்புச் சாயம் இறங்கி இழை வெளுத்தால் போலி. பொடியாக விற்பதை வாங்கவே வேண்டாம்.

நாம் பாலில் இழையாகப் போட்டு விட்டுவிடுகிறோம், அது வீண். ஒரு சிட்டிகை சர்க்கரையோடு சின்ன உரலில் நைசாகப் பொடித்து, கால் தேக்கரண்டிப் பொடிக்கு மூன்று மேசைக்கரண்டி சூடான நீர் விட்டு மூடி 15 நிமிடம் வையுங்கள். கொதிக்கும் நீர் வாசத்தை அடித்துவிடும். இன்னொரு வழி, பொடியைப் பனிக்கட்டி மேல் தூவி அறைச் சூட்டில் உருக விடுவது. கால் தேக்கரண்டி நான்கு பேருக்குத் தாராளம். கூடினால் மருந்து வாசம் வரும்.

அமெரிக்காவில் ஈரான் குங்குமப்பூ என்று எழுதியிருப்பதை வாங்கலாமா?

ஈரானிய உணவுப் பொருள்களை இறக்குமதி செய்ய 2016இல் அளித்த அனுமதியை அமெரிக்க அரசு 2018 ஆகஸ்டில் திரும்பப் பெற்றுக்கொண்டது. ஆகவே அங்கே அலமாரியில் இருக்கும் "பாரசீக" சரக்கு பலவும் வேறு நாட்டில் விளைந்தது அல்லது கலிஃபோர்னியாவில் தயாரானது. அதனால் தரம் குறைவு என்று பொருளல்ல. ஆப்கானிஸ்தானின் ஹெராத் குங்குமப்பூ மிக நல்லது.

சோறு வடிக்கத் தெரியும். ஈரானியச் சோறு ஏன் வரவில்லை?

வடிப்பதுவரை ஒன்றுதான், வடித்த பிறகுதான் அவர்களுக்குப் பாதி வேலையே தொடங்குகிறது. பாஸ்மதி மூன்று கப் கழுவி, இரண்டு மேசைக்கரண்டி உப்பிட்ட நீரில் ஒரு மணி நேரம் ஊறவையுங்கள். பெரிய சட்டியில் பத்து கப் தண்ணீர் கொதிக்கும்போது மறுபடி உப்பிட்டு, ஊறிய அரிசியைப் போடுங்கள். ஐந்து நிமிடத்திலிருந்து கடித்துப் பாருங்கள்: வெளியே மெத்தென்று, நடுவில் ஒரு நூல் கடினம். அதுதான் வடிக்கும் நேரம். நம் பதத்துக்கு வேகவிட்டால் பிறகு களியாகும்.

கனமான நான்ஸ்டிக் சட்டியில் நான்கு மேசைக்கரண்டி எண்ணெய், ஒரு கரண்டி குங்குமப்பூ நீர். அதன் மேல் லவாஷ் ரொட்டியோ, வட்டமாக நறுக்கிய உருளைக்கிழங்கோ, இரண்டு கரண்டி தயிரில் கலந்த சோறோ ஓர் அடுக்கு. மீதிச் சோற்றைக் கோபுரமாகக் குவித்து, கரண்டிக் காம்பால் ஐந்தாறு துளை போடுங்கள். நடுத்தரத் தீயில் எட்டு நிமிடம்; ஆவி வந்ததும் மூடியைத் துணியால் சுற்றி மூடி, மிகச் சிறு தீயில் 45 நிமிடம். துணி இல்லாவிட்டால் ஆவி தண்ணீராகச் சொட்டிச் சோறு குழையும்.

அடியில் கிடைக்கும் பொன்னிறக் காந்தல்தான் தஹ்திக், "சட்டி அடி" என்று பொருள். நம் வீட்டில் காந்தல் விழுந்தால் சமைத்தவரைத் திட்டுவோம். அங்கே காந்தல் விழாவிட்டால்தான் திட்டு. சட்டியின் அடியை ஒரு நிமிடம் குளிர்ந்த நீரில் வைத்தால் ஒட்டாமல் கழன்று வரும். வெளிறிப் போனால் எண்ணெயும் முதல் எட்டு நிமிடத் தீயும் போதவில்லை. நடுவில் மட்டும் கருகினால் அடுப்பு சட்டியைவிடச் சிறியது. பொன்னி, புழுங்கலரிசி எதுவும் இதற்கு ஒத்துவராது.

கெய்மே என்ற இறைச்சி-பருப்புக் குழம்பில் பருப்பு கரைந்துவிடுகிறது.

லப்பே என்ற மஞ்சள் உடைப் பருப்பில் சீக்கிரம் வேகும் வகை, மெதுவாக வேகும் வகை என இரண்டு உண்டு. பாக்கெட்டைப் பார்த்து இரண்டாவதை வாங்குங்கள், அல்லது வீட்டிலிருக்கும் கடலைப்பருப்பைப் போடுங்கள், உருவம் நிற்கும். தனியே முக்கால் பதம் வேகவைத்து, கடைசி 30 நிமிடத்தில் சேர்ப்பது பாதுகாப்பு.

கஷ்க் என்பது தயிரா, மோரா? எப்படிச் சாப்பிடுவது?

மோரைக் காய்ச்சி, வடித்து, உப்பிட்டுக் கெட்டியாக்கியது. உருண்டையாகக் காய்ந்தும் கிடைக்கும், புட்டியில் கூழாகவும் கிடைக்கும். புதியவர்களுக்குப் புட்டிதான் சௌகரியம். உருண்டையை ஓர் இரவு ஊறவைத்து அரைக்க வேண்டும். வாசம் கொஞ்சம் ஆட்டுக்கொட்டில் பக்கம் போகும்; எல்லாருக்கும் பிடிக்காது, பிடித்துவிட்டால் விடாது.

ஒரு விஷயத்தில் கண்டிப்பாக இருங்கள். வீட்டில் செய்த, முத்திரையிடாமல் விற்கிற கஷ்க்கைப் பச்சையாகச் சாப்பிடாதீர்கள். பாட்டுலிசம் என்ற கொடிய உணவு நஞ்சு ஈரானில் இதனால் வந்திருக்கிறது. தண்ணீர் கலந்து குறைந்தது 10 நிமிடம் கொதிக்க விடுங்கள். ஆலையில் தயாரான புட்டி பாஸ்ச்சரைஸ் செய்தது. திறந்தபின் குளிர்பெட்டியில் ஒரு வாரம்.

கத்தரிக்காய் நான்கைச் சுட்டோ பொரித்தோ மசித்து, வதக்கிய வெங்காயம், பூண்டோடு அரைக் கப் கஷ்க் சேர்த்துச் சிறு தீயில் பத்து நிமிடம். மேலே தாளிப்பு: சூடான எண்ணெயில் அடுப்பை அணைத்தபின் ஒரு மேசைக்கரண்டி காய்ந்த புதினா. அடுப்பு எரியும்போது போட்டால் நொடியில் கருகிக் கசக்கும். கஷ்க்கில் உப்பு அதிகம். ஆஷ் ரெஷ்தே என்ற கெட்டி சூப்புக்குப் போடும் ரெஷ்தே நூடுல்ஸிலும் உப்பு உண்டு. இரண்டும் சேரும் இடத்தில் கடைசிவரை உப்புப் பாத்திரத்தைத் தொடாதீர்கள்.

சுமாக், ஆப் கூரே?

சுமாக் என்கிற சிவப்புப் புளிப்புப் பழத்தின் பொடி கபாபின் மேல் தூவ; வெங்காயத்தில் பிசைந்தாலும் அருமை. உப்புக் கலந்து விற்பது உண்டு, லேபிள் பாருங்கள். ஆப் கூரே பழுக்காத திராட்சைச் சாறு. வெள்ளரி, தக்காளி, வெங்காயத்தைப் பொடியாக நறுக்கி, காய்ந்த புதினாவோடு இதை இரண்டு கரண்டி விட்டால் ஷிராசி சாலட்.

கோல்பர் என்ற பொடியில் ஏஞ்செலிக்கா என்று எழுதியிருக்கிறதே?

தவறான மொழிபெயர்ப்பு, எல்லாக் கடையிலும் தொடர்கிறது. கோல்பர் வேறு செடியின் விதை. மாதுளை முத்துக்களின் மேலும் வேகவைத்த அவரை வகையின் மேலும் ஒரு சிட்டிகை. கசப்பு உண்டு, அதற்கு மேல் வேண்டாம்.

சைவம் சாப்பிடுகிறவர்கள் எதைக் கவனிக்க வேண்டும்?

இனிப்பில்தான் ஆபத்து. இஸ்ஃபஹானின் கஸ் மிட்டாயில் முட்டை வெள்ளைக்கரு உண்டு. கோம் நகரத்துச் சோஹானில் மஞ்சள் கரு சேர்ப்பார்கள். மிர்சா காசெமி என்ற கத்தரிக்காய் வகையிலும் முட்டை. கீரைக் குழம்புகளை இறைச்சிக்குப் பதில் காளானும் கூடுதல் பீன்ஸும் போட்டுச் செய்யலாம். தயங்காமல் வாங்கக்கூடியது அர்தே, அதாவது எள்ளு விழுது. அதைப் பேரீச்சைப் பாகோடு குழைத்து ரொட்டியில் தொட்டால் எள்ளுருண்டை ருசி. லவாஷக் என்கிற பழத்தட்டு யாழ்ப்பாணத்தாருக்குப் பழக்கமான பனாட்டுப் போலத்தான். பனம்பழத்துக்குப் பதில் ப்ளம், ஆல்பாலு என்ற புளிப்புச் செர்ரி.

வசந்தத்தில் கல்லாப்பெட்டி பக்கத்தில் வைத்திருக்கும் பச்சைக் காய்?

கோஜே சப்ஜ், பழுக்காத ப்ளம். மாங்காய் மாதிரி உப்புத் தொட்டுக் கடிக்க வேண்டியது, மிளகாய்த்தூள் நம் சேர்க்கை. சில வாரம்தான் கிடைக்கும். பக்கத்திலேயே மென்மயிரோடு இருக்கும் பச்சைப் பாதாமும் அப்படியே ஓட்டோடு உப்பில்.

தேநீர்த்தூள் வாங்கினேன், பால் சேர்த்தால் நன்றாக இல்லை.

பாலுக்காகச் செய்த தூள் அல்ல. பெர்கமாட் என்ற எலுமிச்சை வகைப் பழத்தின் வாசம் சேர்த்ததில் பால் இன்னும் மோசம். கெண்டியில் ஆவி மேல் 10 நிமிடம் ஊறவிட்டு, கெட்டிச் சாற்றை வெந்நீரில் கலந்து, சர்க்கரைக் கட்டியைப் பல்லிடுக்கில் வைத்துக் குடிப்பது வழக்கம். நபாத் என்ற குங்குமப்பூக் கற்கண்டைத் தேநீரில் கலக்கலாம்.

எதை எவ்வளவு நாள் வைக்கலாம்?

ஜெரெஷ்க், வால்நட், காய்ந்த கீரை மூன்றும் ஃப்ரீசரில். கீரை வெளியே இருந்தால் ஆறு மாதத்தில் நிறமும் வாசமும் போய்விடும். குங்குமப்பூ வெளிச்சம் படாத கண்ணாடிச் சீசாவில், அடுப்படிக்கு எட்டத்தில். மாதுளைப் பாகு திறந்தபின் குளிர்பெட்டியில். அதன் வாயைத் துடைத்து மூடாவிட்டால் மூடி இறுகிக் கொள்ளும், வெந்நீரில் இரண்டு நிமிடம் கவிழ்த்தால் திறக்கும். காய்ந்த எலுமிச்சை மட்டும் எங்கே வைத்தாலும் ஆண்டுக்கணக்கில் இருக்கும், டப்பா இறுக மூடியிருந்தால் சரி.